என் கையில் ஏறிய அவருடைய காப்பு

பாண்டிச்சேரியில் ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. மில் ஓடிய காலத்தில் சம்பள நாளன்று கூட்டாளிகள் எல்லாம் சாராயக் கடைக்குப் போவார்கள். இவர் நேராகத் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருவார். மில் மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சர்க்கரை இருந்தது, தொந்தி இருந்தது, வேறொன்றும் இல்லை. ஆனாலும் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி அவர் படுத்தபோது எதிர்வீட்டுக்காரர் என்னிடமே வந்து, "இனிமேலாவது உடச் சொல்லும்மா" என்றார். எதை விடச் சொல்வது?

எங்களை நம்பிய ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாதான். என்னைவிட வயதில் சின்னவர். முதல் நாளே, "குடிக்காதவங்களுக்கும் வரும்மா. கொழுப்பு படிஞ்சு, தழும்பாகி, ஈரல் கல்லு மாதிரி ஆயிடும். நான் அதைத்தான் படிச்சிட்டிருக்கேன்" என்றார். டாக்டராகிவிட்டவர் இன்னும் என்ன படிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆராய்ச்சி என்றால் எலியை அறுப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருடைய ஆராய்ச்சி எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குள் நடப்பது. ஈரல் மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் சில பேர், அந்த நாள் வருவதற்குள் வீட்டிலேயே நினைவு தப்பிப் போய்விடுகிறார்களாம். ஈரல் கழிக்கவேண்டிய விஷம் மூளைக்கு ஏறிவிடுகிறது. ஏதோ அசதி, தூங்குகிறார் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது நேரம் கடந்துவிடுகிறது. மயக்கம் வருவதற்கு முன்னாலேயே வீட்டுப் பெண்கள் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவர் தேடியது.

அதற்காக எனக்குச் சில வேலை சொல்லிக் கொடுத்தார். தினமும் காலையில் என் வீட்டுக்காரரைப் பெயரெழுதச் சொல்ல வேண்டும், எழுத்து கோணுகிறதா என்று பார்க்க வேண்டும். என்ன கிழமை என்று கேட்க வேண்டும். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வண்டியை நிறுத்துவதுபோல உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்ல வேண்டும். மணிக்கட்டு பறவை இறக்கையடிப்பது போலப் படபடவென்று விழுந்தால் உடனே போன் செய்ய வேண்டும். அதோடு இனிப்பாக ஒரு சிரப் கொடுத்தார். அதைக் குடித்தால் தினமும் இரண்டு மூன்று முறை வயிறு போகும். போக வேண்டும். விஷம் அந்த வழியாகத்தான் இறங்கும்.

கையை நீட்டச் சொன்னால் இவர் கேலி செய்வார். "ஏம்மா, ஒரு செவப்புப் போலீஸ் தொப்பி வாங்கிக் குடுத்துடு. நேரு வீதியில நின்னு டிராபிக்க பாத்துக்கறேன்."

"மொதல்ல கைய நேரா புடிங்க."

"போலீஸ்கிட்ட மரியாதையா பேசு."

அப்படிச் சிரித்துப் பேசிய காலையும் உண்டு. ஆனால் நாளுக்கு நாள் தோள் எலும்பு துருத்திக்கொண்டே வந்தது. வயிற்றில் ஊசி போட்டு எடுக்கிற தண்ணீர் மறுபடி மறுபடி நிறைந்தது. மாற்று ஈரல் இல்லாமல் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மகள் லாஸ்பேட்டையில் காலேஜ் படிக்கிறாள். தான் தருவதாகச் சொன்னாள். நான் உயிரோடு இருக்கும்போது உனக்கு எதற்கு அந்தப் பேச்சு என்று சத்தம் போட்டு அடக்கினேன். என் ரத்தம் அவருக்குச் சேர்ந்தது. என் ஈரலிலும் கொஞ்சம் கொழுப்பு இருந்ததால், சோற்றைக் குறைத்து நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். கடற்கரைச் சாலையில் ஜனங்கள் காற்று வாங்க நடப்பார்கள். நான் ஒவ்வோர் அடிக்கும் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். கடைசிப் பரிசோதனையில் டாக்டரம்மா என் கையைப் பிடித்து, "உங்க ஈரல் சுத்தமா இருக்கும்மா. பாதிக்கு மேல வெட்டி அவருக்கு வெப்பாங்க. அதுவும் வளரும், உங்ககிட்ட மிச்சமிருக்கறதும் வளரும்" என்றார். வெட்டினால் வளர்கிற பொருளை நமக்குள் வைத்து அனுப்பியவளை நினைத்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கும்பிட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் எங்கள் தெருக் கோயிலில் தீமிதித் திருவிழா வந்தது. வருஷம் தவறாமல் மிதிக்கிறவர் அவர். இந்த வருஷம் கால் வீங்கிக் கிடக்க, "மிதிக்கல. காப்பு மட்டும் கட்டிக்கறேன். ஆத்தாகிட்ட சொல்லிக்காம கத்திக்கு அடியில எப்படிப் போய்ப் படுக்கறது?" என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பூசாரி மஞ்சள் கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டினார்.

காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை கோயில் கொட்டகையில்தான் படுக்கை. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் தெரு டவுனோடு சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் எல்லை எல்லைதான்: வாய்க்கால் பாலம். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வெளிக்குப் போய்விட்டு வந்தால் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் கோயிலுக்குள் கால் வைக்க வேண்டும்.

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சிரப் குடித்தால் வயிறு போகும். போகும்போதெல்லாம், நிற்க முடியாத காலோடு குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கு முன்னால் கூச்சம் வேறு. அவர் யாரிடமும் சொல்லாமல் சிரப்பை நிறுத்திவிட்டார். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். நான் காலையில் கஞ்சி கொண்டுபோய்க் கேட்டால், பாட்டில் வைத்திருந்த தலையணையைத் தட்டி, "குடிச்சேன், குடிச்சேன்" என்பார். ஆண்கள் படுக்கிற கொட்டகை என்பதால் கையை நீட்டச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் பாரதம் படிக்கும்போது கூட்டத்தின் நடுவில் அவர் ஆட ஆரம்பித்தார். கண் மேலே செருகியிருந்தது. உடம்பு முன்னும் பின்னும் அசைந்தது. வாய் ஏதோ முணுமுணுத்தது.

"சாமி வந்துடுச்சு! சாமி வந்துடுச்சு!"

பெண்கள் குலவையிட்டார்கள். ஒருவர் வேப்பிலையைக் கையில் திணித்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இத்தனை வருஷம் மிதித்தும் அவர் மேல் இறங்காதவள் இந்தக் கஷ்டத்தில் இறங்கிவிட்டாள் என்று என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவருடைய அக்கா முண்டியடித்து முன்னால் போய் மண்டியிட்டார்.

"தாயே, ஒரே வார்த்த சொல்லு. என் தம்பி பொழைப்பானா?"

"பஸ்ஸு போயிடுச்சு" என்றார் இவர். குரல் குழறியது. "கம்பெனி பஸ்ஸு போயிடுச்சு."

"என்னா சொல்றா? என்னா சொல்றா?"

"கண்டம் போயிடுச்சின்னு சொல்றா" என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர். கூட்டம் மறுபடி குலவையிட்டது. என் நாத்தனார் விபூதித் தட்டை நீட்டி, "உன் கையால குடு தாயே" என்றார். இவர் கையை நீட்டினார்.

மணிக்கட்டு படபடவென்று விழுந்தது. தூக்கினார், மறுபடி விழுந்தது. மஞ்சள் கயிறு கட்டிய கை, அடிபட்ட புறாவின் இறக்கை மாதிரி.

கிட்டே போய் முகர்ந்தேன். மூச்சில் அழுகிய பழம்போல் ஒரு வாடை. அதையும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"அண்ணி, இது சாமி இல்ல. நோவு. வெஷம் தலைக்கு ஏறிடுச்சு. வண்டி கூப்புடுங்க!"

"வாய மூடுடி! ஆத்தா வந்து நிக்கறா, நோவாம்!"

"அவரு தலையணைக்கு அடியில பாருங்க அண்ணி, சிரப்பு அப்படியே இருக்கும்!"

இருந்தது. மூடி திறக்காமல் இருந்தது. நாத்தனார் அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கிளம்புங்க." ஆட்டோ வந்தது. தூக்கி ஏற்றப் போகும்போது பூசாரி குறுக்கே வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அவர் முகமும் வெளுத்துப் போயிருந்தது.

"ஏம்மா, காப்போட பாலம் தாண்டக் கூடாது. நடுவுல அறுக்கவும் கூடாது. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா என்ன பண்றது?"

"ஆகிக்கிட்டுதான் இருக்கு மாமா."

"தெரியுதும்மா. நான் என்ன செய்ய?"

கூட்டத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். அவர் தலை என் தோளில் கல்லாகச் சாய்ந்திருந்தது. கயிற்றை நானே பல்லால் கடித்து அறுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அறுத்த பிறகு அவர் கண் திறக்காமலே போய்விட்டால், மிச்ச நாளெல்லாம் அந்தக் கயிறு என் கழுத்தை இறுக்கும். அப்போதுதான் வாயில் வந்தது.

"என் கையில மாத்திக் கட்டுங்க மாமா. ரெண்டு பேருக்கும் ஒரே காப்புதானே?"

பூசாரி அம்மன் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் கையிலிருந்து முடிச்சை அவிழ்த்து, அறுக்காமல், கயிற்றின் சூடு ஆறுவதற்குள் என் மணிக்கட்டில் கட்டினார். கட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. இனி நான் பாலம் தாண்ட முடியாது.

மகள் ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா, நீ?" என்றாள். "போடீ" என்றேன். பாலம்வரை ஆட்டோவோடு ஓடினேன். அங்கே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு கோயிலில் கிடந்த நாட்களை எப்படி எழுதுவது? மகள் போன் பண்ணுவாள். "மூக்குல டியூப் போட்டிருக்காங்கம்மா." "கூப்பிட்டா கண்ணு தொறக்கலம்மா." போனை வைத்துவிட்டு அம்மன் முன்னால் போய் உட்காருவேன். முதலில் கெஞ்சினேன். பிறகு சண்டை போட்டேன். உனக்காகச் சுத்தமாக இருக்க நினைத்துத்தானே மருந்தை விட்டார், உனக்குத் தெரியாதா, ஒரு தடவை கனவிலாவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சாமியைத் திட்டினால் நாக்கு அழுகும் என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். அழுகட்டும் என்றிருந்தது.

ஒரு காலையில் மகள் அழுதுகொண்டே, "தண்ணி கேட்டாரும்மா" என்றாள். அன்று மத்தியானம் டாக்டரம்மாவே கோயிலுக்கு வந்துவிட்டார். செருப்பை வெளியே விட்டு, மணலில் என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"கை விழறத பாத்துட்டீங்களேம்மா. பொழச்சது அதனாலதான்."

"கும்பிட்டுட்டுதான் பாத்தேன், டாக்டரம்மா."

"நான் இத்தனை நாளா மருந்து குடிச்சாரான்னுதான் கேட்டிருக்கேன். ஏன் குடிக்கலன்னு கேட்டதே இல்ல. விரதம், காப்பு, குளியல், இதெல்லாம் என் கேள்வியிலேயே கிடையாது." பிறகு என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "தீ மிதிக்கப் போறீங்களா?"

"அவரு காப்பு. என் கையில இருக்கு. எறங்கித்தான் ஆவணும்னு அண்ணி சொல்றாங்க."

"அம்மா, நான் சாமி வேணாம்னு சொல்ல வரல. ஆனா காலு வெந்து புண்ணாச்சுன்னா, அதுல சீழ் புடிச்சா, உங்கள ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டாங்க. ஆறட்டும்னு தள்ளிப் போடுவாங்க. அவரால தள்ளிப் போட முடியாது. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"பக்தியோட எறங்குனா சுடாதுன்னு சொல்வாங்க."

"சுடாமலும் இருக்கலாம்" என்றார். பொய் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. எழுந்து போகும்போது அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

தீமிதியன்று மஞ்சள் புடவை ஈரத்தோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆண்கள் இறங்கினார்கள், ஓடினார்கள், பால்குழியில் காலை நனைத்தார்கள். அனல் முகத்தில் அடித்தது. எனக்குத் தீயில் பயமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். இறங்கிவிடுவது சுலபம். இறங்காமல் நின்று அவருக்கு ஏதாவது ஆனால், "தீ மிதிக்காதவள்" என்று சொல்வார்கள். இறங்கிப் புண்ணாகி அவருக்கு ஏதாவது ஆனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். குழியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து நாத்தனார், "எறங்குடி" என்றார்.

நான் பூசாரியைப் பார்த்தேன். "மாமா, முனீஸ்வரனுக்கு நேந்து உட்ட கெடா மேல காயம் இருக்கலாமா?"

"இப்ப எதுக்கும்மா அது? பின்னால ஜனம் நிக்குது."

"சொல்லுங்க மாமா."

"ஆகாது. ஒடம்புல ஒரு கீறல் இருந்தாலும் ஏத்துக்க மாட்டாரு."

"என்னையும் நேந்து உட்டாச்சு மாமா. என் ஈரல அவருக்கு வெட்டிக் குடுக்கப் போறேன். குடுக்கற வரைக்கும் இந்த ஒடம்புல காயம் படக் கூடாது. பட்டுட்டா ஏத்துக்க மாட்டாங்க."

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. வேப்பிலைக் கொத்தால் என் தலையில் தட்டி, என்னைத் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து விலக்கினார். "குழிய சுத்திவந்து பால்ல கால வை. போ."

"புருஷனுக்காக நாலு அடி வைக்க முடியல" என்று நாத்தனார் சொன்னது மேளத்தைத் தாண்டிக் கேட்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், படுத்துக் கிடப்பது அவருடைய தம்பி. சொல்லிவிட்டு அவரே தீயில் இறங்கினார். எனக்குப் பதிலாக இறங்கினாரா, என் மேல் கோபத்தில் இறங்கினாரா, இன்றுவரை கேட்கவில்லை. நான் குழியைச் சுற்றி வந்து, ஜனங்கள் மிதித்துச் சாம்பல் கலங்கிய பாலில் சுடாத காலை வைத்தேன். எல்லோரும் என் காலையே பார்ப்பது போலிருந்தது.

காப்பு அவிழ்த்ததும் பாலத்தைத் தாண்டி ஓடினேன். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். என்னைப் பார்த்து, "பஸ்ஸ உட்டுட்டேன் போலிருக்கு" என்றார். அது நினைவோடு சொன்னதா, இல்லையா என்று புரியாமல் நான் பயந்து டாக்டரம்மாவைத் தேடி ஓடினேன். கேலிதான் என்று அவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

அப்புறம் எல்லாம் காகிதமும் ரத்தமும். கணவன் மனைவி என்பதற்கு அத்தாட்சி வேண்டுமென்று மேரிக்கு, அதுதான் எங்கள் ஊர் முனிசிபல் ஆபீசுக்கு, போய்க் கல்யாணச் சான்று வாங்கி வந்தேன். யாராவது மிரட்டி உன்னைக் கொடுக்கச் சொன்னார்களா என்று ஆஸ்பத்திரிக் கமிட்டிப் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். யார் மிரட்டுவது? சளி வந்து ஒருமுறை தள்ளிப்போனது. அவருக்குக் காய்ச்சல் வந்து இன்னொருமுறை தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் இதோடு முடிந்தது, இனி ஆபரேஷன் நடக்காது என்று நினைத்தேன். மிதிக்காததற்குத்தான் இந்தத் தடங்கலோ என்று நெஞ்சு அரித்தது. அப்படி நினைக்கும்போதெல்லாம் குனிந்து என் பாதத்தைப் பார்த்துக்கொள்வேன்.

ஆபரேஷன் அன்று என்னைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். கொடுக்கிறவரைத் திறந்து பார்த்த பிறகுதான் வாங்குகிறவரைத் திறப்பார்களாம். கதவு மூடும்போது நாத்தனார் என் நெற்றியில் அவசரமாக விபூதியை அப்பினார். பாதி கண்ணில் விழுந்தது.

விழித்தபோது தொண்டை எரிந்தது. வயிற்றில் யாரோ குழவியை வைத்ததுபோல் கனம். "அவரு?" என்றேன். நர்ஸ் பொண்ணு டியூபைச் சரிசெய்தாள். மறுபடி கேட்டேன். "பேசாதீங்கம்மா" என்றாள். பேசக் கூடாது என்றால் சேதி கெட்ட சேதிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் மட்டும் பிழைத்துவிட்டேன். மகளுக்கு என்ன பதில் சொல்வது, அந்தக் கோயில் தெருவில் எப்படி நடப்பது என்று அப்படியே கிடந்தேன்.

டாக்டரம்மா வந்தார். கத்தி பிடிக்கிறவர் அவர் இல்லை. ஆனாலும் தலையில் தொப்பியோடு நாள் முழுக்க உள்ளே நின்றிருக்கிறார். குனிந்து என் காதருகே பேசினார்.

"பித்தம் சுரக்குதும்மா."

எனக்கு விளங்கவில்லை.

"அவருக்குள்ள வெச்சு ரத்தக் குழாய சேர்த்ததும் உங்க ஈரல் செவந்துச்சு. கொஞ்ச நேரத்துல பித்தநீர் ஊற ஆரம்பிச்சிடுச்சு, தேன் நிறத்துல. நானே பாத்தேன். ஈரல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இன்னும் ஆபத்து தாண்டல, சொல்லிடறேன். ஆனா ஊறுது."

காலையில் வாய் கசந்தால் பித்தம், தலை சுற்றினால் பித்தம் என்று வாழ்நாளெல்லாம் இஞ்சியையும் எலுமிச்சையையும் தின்று அதை விரட்டியிருக்கிறோம். அது ஊறுகிறது என்று கேட்டு அழுவேன் என்று யார் நினைத்தது? அழுதால் தையல் இழுத்தது. இரண்டு கையிலும் ஊசி, தூக்கிக் கும்பிட முடியவில்லை. ஊறட்டும் தாயே, ஊறட்டும் என்று வாயால் மட்டும் சொன்னேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. டாக்டரம்மா தலையை ஆட்டினார்.